பென்சிலில் எழுதிய ‘கேட்கணும்’

விருதுநகர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்கியல் எடுக்கிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. 2022 ஆகஸ்ட்டில் ஒரு நாள் மதியம் மதுரையிலிருந்து ஓர் ஆடிட்டர் போன் செய்தார். எங்கள் துறையில் படித்துவிட்டு அவரிடம் வேலைக்குப் போயிருந்த பையனைப் பற்றிப் பேச்சு.

“பையன் கணக்குல கெட்டி மேடம். டேலி, எக்செல் எல்லாம் கை ஓடுது. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?”

கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். அவர்களுடைய கிளையண்ட் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். கோயம்புத்தூரிலிருந்து அவருக்குச் சரக்கு அனுப்பியவர், மே மாதம் இரண்டு பில்களில் கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதில் வேறொருவருடைய எண்ணை அடித்துவிட்டார். விற்றவர் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 போடுவார். 14ஆம் தேதி, வாங்கியவருக்கு அவர் எண்ணில் பதிவான பில்களைக் காட்டும் 2பி அறிக்கை வரும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதக் கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, 2பி-யில் வராத பில்லுக்கு வரி கிரெடிட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, வழியில்லை. எண் தப்பாகப் போனதால் அந்த இரண்டு பில்லும் 2பி-யில் வரவில்லை. 61,020 ரூபாய் கிரெடிட் நின்றுபோனது.

பையன் இதை ஜூன் 15ஆம் தேதியே கண்டுபிடித்துவிட்டான். அனுப்பியவரிடம் ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் ஜூலை 11க்குள் திருத்தியிருப்பார், ஜூலை 14இல் வரும் 2பி-யில் வந்திருக்கும். போடவில்லை. ஜூலையும் போனது. பணம் தொலையவில்லை, தள்ளித்தான் போனது. ஆனால் ஆடி மாதம் வியாபாரம் படுத்திருக்கிற நேரத்தில் 61,020 ரூபாயைக் கையிலிருந்து எடுத்துக் கட்டியவர் சும்மா இருப்பாரா? ஆபீஸில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். ஆடிட்டர் பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தாராம். அந்த இரண்டு பில் நம்பரும் தேதியோடு எழுதியிருந்தது. பக்கத்தில் பென்சிலில் ‘சப்ளையர் – கேட்கணும்’. இரண்டு முறை அடிக்கோடு.

அந்த வாரக் கடைசியில் பையன் ஊருக்கு வந்தபோது துறைக்கு வரச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன் கேட்கவில்லை என்றேன். “என்ன சொல்லி ஆரம்பிக்கணும்னு தெரியல மேம். அவர் பெரிய பார்ட்டி. ‘நீ யாருப்பா?’ன்னு கேட்டா என்ன சொல்றது? நம்பர் தப்புன்னு சொன்னா கோபப்படுவாரோன்னு வேற இருந்துச்சு.” என் பேப்பரில் 91 மார்க் எடுத்தவன். அவனை அனுப்பிவிட்டு யோசித்துப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் ஒரு கணக்கை முடிப்பதற்காக யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டிய நிலையை நான் அவனுக்குக் கொடுத்ததே இல்லை. என் கணக்குகளில் வேண்டிய எண்ணெல்லாம் கேள்வியிலேயே இருக்கும். வேண்டாத எண் ஒன்றுகூட இருக்காது.

எங்கள் கல்லூரி இந்த விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்ல முடியாது. 2018இல் மூன்று நாள் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ பயிற்சி நடத்தினோம். வெளியிலிருந்து ஒருவர் வந்தார். பலூன் ஊதச் சொன்னார், செய்தித்தாளில் கோபுரம் கட்டச் சொன்னார், கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் மேடையேறித் தங்களை அறிமுகம் செய்தார்கள். அறுபது பேருக்கும் ‘மை ஹாபி இஸ் லிசனிங் மியூசிக்’. அறுபது பேரும் ‘ஹார்ட் வொர்க்கர்’. சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து, வடை டீயோடு முடித்தோம். மறுநாள் வகுப்பில் “சந்தேகம் இருக்கா?” என்றால் பழையபடி தலையாட்டல்தான். பயிற்சி கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாளில் அவரால் ஆனதைச் செய்தார். கணக்கு ஒரு அறையிலும் பேச்சு இன்னொரு அறையிலும் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் குறை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் 1989இலேயே அப்போதிருந்த எட்டுப் பெரிய தணிக்கை நிறுவனங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, பட்டம் வாங்கி வருபவர்களுக்கு விதி தெரிகிறது, பேசவும் எழுதவும் பிரச்சினையை அவிழ்க்கவும் வரவில்லை என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லின. அந்த எட்டு நிறுவனங்கள் இன்று நான்காகிவிட்டன. புகார் அப்படியே இருக்கிறது. கணக்காளர்களுக்கான உலகக் கூட்டமைப்பின் கல்வித் தரங்களில் மூன்றாவது, தொழில்திறன்களை நான்காகப் பிரிக்கிறது: அறிவு சார்ந்தவை, பிறரோடு பழகுவதும் தெரிவிப்பதும், தன்னைத் தானே நடத்திக்கொள்வது, வேலையை ஒழுங்குசெய்வது. அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். அந்தப் பையனிடம் முதலாவது இருந்தது. மற்ற மூன்றும் அந்த ஒரு போன் காலுக்குள் அடங்கியிருந்தன.

சரி, என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

2022 செப்டம்பரில் மூன்றாமாண்டு வகுப்பில், முதலாண்டிலேயே போட்டு முடித்த வங்கிச் சரிகட்டும் பட்டியலை மறுபடி எடுத்தேன். நம் ஏட்டில் உள்ள வங்கி இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் பட்டியல் அது. ‘இதையா?’ என்று முனகல். போர்டில் எழுதினேன்: ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 48,200 ரூபாய். கொடுத்து, இன்னும் வங்கியில் செலுத்தப்படாத காசோலை 6,500. வங்கியில் போட்டு, இன்னும் வரவு வைக்கப்படாத காசோலை 9,800. வங்கி அறிக்கைப்படி இருப்பு 44,310. சரிகட்டுங்கள்.

கூட்டிக் கழித்தால் 44,900 வரும். வங்கி சொல்வது 44,310. 590 ரூபாய் இடிக்கிறது.

“வங்கி மேலாளர் இந்த அறையில்தான் இருக்கார். அது நான்தான். கேட்டால் சொல்வேன். கேட்டதுக்கு மட்டும் சொல்வேன்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருபது நிமிஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோட்டில் மறுபடி மறுபடி கூட்டினார்கள். “கேள்வி தப்பா மேம்?” என்று ஒரு குரல். முன்வரிசையில் நாலைந்து பேர் ‘அனாமத்துக் கணக்கு 590’ என்று எழுதிக் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். இந்த அனாமத்துக் கணக்கு இருக்கிறதே, அது பிள்ளைகளுக்குக் குலதெய்வம் மாதிரி. எது இடித்தாலும் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

அப்புறம், சாயங்காலம் செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் எழுந்தான். “ஐந்நூறு ரூபாய் பேங்க் சார்ஜ் மேம். அதுக்கு 18 பெர்சன்ட் ஜி.எஸ்.டி. தொண்ணூறு. மொத்தம் 590.” வகுப்பே கை தட்டியது. அழகான ஊகம். தினமும் பில் போடுகிற கைக்குத்தான் அது வரும். “யார் சொன்னா?” என்றேன். “கணக்கே சொல்லுதே மேம்” என்றான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். “சார்...” என்றாள். வகுப்பு சிரித்தது. நான்தான் மேலாளர் ஆயிற்றே, அதனால் ‘சார்’. அவள் சிரிக்கவில்லை. “சார், போன மாசம் எங்க கணக்குல என்னென்ன பிடிச்சிருக்கீங்க?”

“472 ஒன்னு. 118 ஒன்னு.”

“472 எதுக்கு சார்?”

“கணக்குப் பராமரிப்புக் கட்டணம். 400, ஜி.எஸ்.டி. 72.”

“118?”

“காசோலை திரும்பினதுக்கு. 100, ஜி.எஸ்.டி. 18.”

கொஞ்ச நேரம் நின்றாள். “எந்தக் காசோலை சார்?”

“9,800 ரூபாய் காசோலை.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. கூட்டல் மாறவில்லை. 9,800ஐ ‘இன்னும் வரவு வைக்கப்படாதது’ என்று கழித்தாலும் ‘பணமில்லாமல் திரும்பியது’ என்று கழித்தாலும் 44,310 வந்துவிடும், பட்டியல் பொருந்திவிடும். ஆனால் ஒன்றில் பணம் வந்துகொண்டிருக்கிறது, மற்றதில் பணம் வரப்போவதே இல்லை. இதோடு போகாது. காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அவருக்கு அதன்பின் 15 நாள் அவகாசம், அப்புறம்தான் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். சும்மா ‘சரிகட்டியாச்சு’ என்று கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த 30 நாள் ஓடிவிடும். கை தட்டல் வாங்கிய பையன் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. சத்யம் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கதையை அப்போதுதான் சொன்னேன். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இருப்பை உறுதிசெய்யக் கேட்டு வங்கிகளுக்குப் போக வேண்டிய கடிதங்களைத் தணிக்கையாளர்கள் தாங்களே அனுப்பி, நேரே பதில் வாங்கியிருக்க வேண்டும். அதை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2011இல் சொன்னது. எத்தனையோ வருஷமாக இதை ‘கார்ப்பரேட் ஆளுகை’ பாடத்தில் ஐந்து மார்க் கேள்வியாக நடத்தியிருக்கிறேன். அன்றுதான் பிள்ளைகள் “கேட்டவங்க யாருகிட்ட கேட்டாங்க மேம்?” என்று கேட்டார்கள்.

இப்படிக் கணக்கு தயாரிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பழைய கேள்வியை எடுத்து இரண்டு வரியை அடித்துவிட வேண்டும். அடித்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சேலை மடிப்பிலோ பேனா பையிலோ வைத்துக்கொள்ளலாம். மார்க்கைப் பாதியாகப் பிரிக்கிறேன்: விடைக்குப் பாதி, என்ன கேட்டார்கள் என்பதற்குப் பாதி. பொத்தாம் பொதுவாக “எல்லா விவரமும் கொடுங்க சார்” என்று கேட்டால் மேலாளர் “எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்” என்று மட்டும் சொல்வார். நிஜத்திலும் அப்படித்தானே. ஒரு பருவத்துக்கு ஐந்தாறு கணக்குக்கு மேல் இதைச் செய்ய முடியாது. பாடத்திட்டம் முடிய வேண்டும், பல்கலைக்கழகத் தேர்வில் எல்லா எண்ணும் கொடுத்துத்தான் கேட்பார்கள்.

போன் பேசுவதை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் கூச்சம் பார்ப்பதே இல்லை. நாலு வாக்கியம்தான்: நான் யார், யார் சார்பில் பேசுகிறேன், எந்தத் தேதி எந்த நம்பர் பில், உங்களிடமிருந்து எனக்கு என்றைக்குள் என்ன வேண்டும். ‘தப்பு’ என்ற சொல் வேண்டாம், ‘எங்க பக்கம் இப்படித் தெரியுது, உங்க பக்கம் கொஞ்சம் பாருங்க’ என்று சொல்லலாம். இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். முகம் தெரியாமல் பேசுவதுதான் போன்.

அடுத்தது எழுத்து. இதில்தான் நான் ரொம்ப நாள் தப்பாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

2023இல் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஊருக்குள் கடைகளுக்கு அனுப்பினேன். நான்கு சனிக்கிழமை, காலை மூன்று மணி நேரம். கடன் நோட்டைப் பார்த்து, வர வேண்டிய பாக்கியை எத்தனை நாளாக நிற்கிறது என்று வயதுவாரியாகப் பிரித்து, முதலாளிக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு ஜோடி வத்தல் மண்டிக்குப் போனது. அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல். ஐந்தாவது சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பையன்கள் ஆறு பக்க ஆங்கில அறிக்கையை ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வண்ண வட்ட வரைபடம் வேறு. அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிப் புரட்டினார். சராசரி வசூல் காலம் 74 நாள் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“இது யாரு தம்பி, எழுபத்து நாலு?”

“ஆவரேஜ் அண்ணாச்சி. எல்லாரும் சேர்ந்து.”

“எல்லாரும் சேர்ந்தா எனக்குத் தருவாங்க? ஒவ்வொருத்தனாத்தானே தருவான்.”

அறிக்கையை மரியாதையாக மடித்துத் தராசுக்கு அடியில் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் எடைக்கல்லையும் வைத்தார்.

திரும்பி வரும்போது பையன்களுக்கு அழுகை வராத குறை. எனக்கு என்மேல்தான் கோபம். ஆறு பக்கம், வரைபடம், முடிவுரை எல்லாம் நான் கேட்டது. அந்த அறிக்கையைப் படிக்கப்போவது நான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். மறு வாரம் ஒரே பக்கம், தமிழில், முதல் வரியைப் படித்ததுமே அண்ணாச்சி ஏதாவது செய்ய வேண்டும் என்று சொன்னேன். மூன்று முறை திருத்தினோம். முதல் வரைவு ‘மேற்படி நிறுவனத்தின் வரவேண்டிய கடன்கள் குறித்து ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்று தொடங்கியது. அடித்தேன். கடைசியில் கொடுத்தது இதுதான்:

‘அண்ணாச்சி, மூன்று பேரிடம் மட்டும் 2,86,000 ரூபாய் நிற்கிறது. மூன்றும் 90 நாள் தாண்டிவிட்டது. அதில் ஒருவருக்குப் போன வாரமும் சரக்கு போயிருக்கிறது.’ கீழே மூன்று பெயர், தொகை, கடைசியாகப் பணம் தந்த தேதி.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். உள்ளே பார்த்து, “யாருடா இவனுக்குப் போன வாரம் சரக்கு போட்டது?” என்று சத்தம் போட்டார். அப்புறம் குரலை இறக்கி, “மூணாவது ஆளு என் மச்சினன். நான் கேட்க முடியாது. நீ வேணா போய்க் கேட்டுப் பாரு தம்பி” என்றார். போகவில்லை, அது எங்கள் வேலையும் இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போனது. தராசுக்கு அடியில் இல்லை.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். ‘கம்யூனிகேஷன் வீக்’ என்று நாங்கள் துறைக் கூட்டங்களில் எழுதிவைத்ததெல்லாம் ஆங்கிலம் வராததைத்தான். ஆங்கிலம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிக்கிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காதவனுக்குத் தமிழிலும் ஒரு கடிதம் எழுத வராது. நான் வருஷா வருஷம் திருத்தின விடைத்தாள்களே அதற்குச் சாட்சி. இப்போது முதலில் தமிழில் எழுதவைத்து, விஷயம் நேராகி வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறேன். ஆங்கிலமும் அப்போது தானாகச் சின்னதாகிறது.

இந்தக் கடைத் திட்டத்தில் ஒரு பெரிய கோளாறும் நடந்தது. மறைக்க மாட்டேன். வேறொரு கடைக்குப் போன பையன், தான் போட்ட பட்டியல் அழகாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது பெயரோடு. சின்ன ஊர். கடன் பாக்கிக்காரர் ஒருவரின் மகளே எங்கள் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் கடைக்காரருக்குப் போன் போய்விட்டது. நானும் துறைத் தலைவரும் நேரில் போய் நின்றோம். அவர் திட்டவில்லை. “டீச்சர், இருபது வருஷப் பழக்கம் அவங்களுக்கும் எனக்கும்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடை அதோடு எங்களுக்கு மூடிக்கொண்டது.

பையனைத் தண்டிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ‘கிளையண்ட் விவரம் ரகசியம்’ என்று மூன்று வருஷத்தில் நான் எந்த வகுப்பில் சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன். தணிக்கைப் பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. வாய்விட்டு மனப்பாடம் செய்கிற வரி. இப்போது கடைக்குப் போகும் முன்பே ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்: பார்த்த எண்ணை யாரிடமும் சொல்ல மாட்டேன், போட்டோ எடுக்க மாட்டேன், என் தாளில் பெயருக்குப் பதில் எண் போடுவேன். அதைக் கடைக்காரர் முன்னால் படித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டைத் தொட வேண்டும். ஸ்டேட்டஸ் வைத்த பையன்தான் அடுத்த வருஷ ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை, தானே வந்தான்.

குழு வேலை பற்றிக் கொஞ்சம். ஐந்து பேர் குழு என்றால் ஒருத்தி செய்வாள், நாலு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த கதை. ஆடிட் ஆபீஸ் தாள்களில் ‘தயாரித்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு சுருக்கொப்பம் இருக்கும். அதையே கொண்டுவந்தேன். ஒருவர் தயாரிப்பார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிடுவார். பிழை இருந்தால் மார்க் குறைவது சரிபார்த்தவருக்கு. முதல் மாதம் ஒரே சண்டை. இரண்டு நெருங்கிய தோழிகளில் ஒருத்தி தாளை நீட்டினாள், மற்றவள் தேய்மானம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று கேட்டாள், “நம்பிக்கை இல்லையா?” என்று இவள் கேட்டாள். ஒரு வாரம் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடவில்லை. எண்ணைப் பார்த்தால் பத்து மாதம்தான் சரி. இதில் நான் தலையிடவில்லை, தலையிட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

வெள்ளை மையையும் தடை செய்தேன். தப்பு வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. நம் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் சுரண்டி அழிக்க மாட்டார்கள், அடித்துத்தான் எழுதுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தைப் பதிந்துவைத்தே ஆக வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. ‘அழித்தால் தெரியாது’ என்ற காலம் மென்பொருளிலும் போய்விட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது வசதியாக இருக்கிறது.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று பக்கத்துக் கல்லூரித் தோழிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அக மதிப்பெண் 25இல் என் கைக்கு ஒழுங்காகக் கிடைப்பது 5. அந்த ஐந்தையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன், வழக்கமான அசைன்மென்ட்டை நிறுத்திவிட்டேன். எப்படியும் அது ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியதுதான். 64 பேரின் கடிதத்தையும் வாரா வாரம் திருத்த முடியாது. வாரம் 16 பேர், ஒரு மாதத்தில் ஒரு சுற்று. ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் திருத்துவேன். எல்லாவற்றையும் சிவப்பு மையால் குளிப்பாட்டினால் பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் திணித்துக்கொள்வார்கள். சி.ஏ. படிப்பில் 2023 ஜூலை முதல், ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ‘அங்கே போய்க் கத்துக்குவாங்க’ என்று நாங்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த இடமும் சுருங்குகிறது.

எல்லாம் பலித்துவிடவில்லை. பவர்பாயிண்ட் போட்டுப் பேசவைப்பதை விட்டுவிட்டேன், திரையைப் பார்த்து வாசிக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு பெற்றோர் வந்து, “கடைக்கெல்லாம் பொம்பளப் பிள்ளையை ஏன் அனுப்புறீங்க?” என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் கல்லூரிக் கூட்டுறவுப் பண்டகசாலையிலேயே உட்காரவைத்தேன். ஒரு வகுப்பில் பத்துப் பேராவது கடைசிவரை வாய் திறக்காமல் போகிறார்கள். அவர்களில் சிலர் எழுதுவதில் கெட்டி என்பதைப் பார்த்தபின், போனுக்குப் பதில் கடிதம் என்று விட்டுவிடுகிறேன்.

போன பிப்ரவரியில் மதுரைப் பையனை வகுப்புக்கு ஒரு மணி நேரம் வரச் சொன்னேன். அதே ஆபீஸில்தான் இருக்கிறான், அவனுக்குக் கீழே இப்போது இரண்டு பேர். பெரிய உரையெல்லாம் வேண்டாம், அந்த 61,020 ரூபாய்க் கதையை மட்டும் சொல் என்றேன். சொன்னான். மறைக்காமல் சொன்னான், பென்சில் எழுத்து வரைக்கும். அவன் முடித்ததும் முன்வரிசைப் பெண் கேட்டாள்:

“அப்புறம் அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டீங்களா அண்ணா?”

“ஆடிட்டர் சார் பக்கத்துல நின்னுக்கிட்டே போடச் சொன்னார்.”

“திட்டினாரா?”

“திட்டினார். ‘இதை ஜூன்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி’ன்னு.”